மூன்றும் சேர்ந்தால் எழுத்து மறையும்

லாரி ஓட்டுநர் ஃபோனை எடுக்காத அந்தச் சில நிமிடங்களை இன்றும் மறக்க முடியவில்லை. பெங்களூரை அடுத்த பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் இருந்தேன். பரிசோதனையில் தேறாத ஊசி மருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டதாக ஆய்வுக்கூடத்திலிருந்து அலறினார்கள். ஏற்றி அனுப்பிய கிடங்கு அண்ணனே பைக்கை எடுத்துக்கொண்டு துரத்தினார். ஹெப்பகோடி சிக்னலில் லாரியை மறித்துத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

வந்தவரை மேலாளர் பிடித்துக்கொண்டார். "தடைன்னு சிஸ்டத்துல போட்டிருக்கு. உனக்குக் கண்ணு இல்லையா? நாளையிலேர்ந்து வராதே!"

"சும்னே என் மேல போடாதீங்க சார். ஸ்க்ரீன்ல அந்த எடம் காலியா இருந்துச்சு. காலின்னா அனுப்பலாம்னுதானே சார் ரூல்?" என்றார் அண்ணன், கன்னடம் கலந்த தமிழில்.

யாரும் நம்பவில்லை. எங்கள் குழுத்தலைவி மட்டும் போய்க் கிடங்கின் பச்சை எழுத்துத் திரையைத் திறந்தார். அதற்கான நிரலை எழுதியவர் அவர்தான். மருந்துக்குத் தடை இருந்தால் 'தடை' என்ற சொல் பளிச்சிடும், சோதனையில் தேறாவிட்டால் அடிக்கோடு விழும், காலாவதி நெருங்கினால் எழுத்தும் பின்னணியும் நிறம் மாறிக்கொள்ளும். ஆனால் அந்தப் பழைய கணினியில் இம்மூன்றையும் ஒரே இடத்தில் போட்டால் எழுத்தே மறைந்துவிடும். அந்த விதி எங்களுக்குத் தெரியும். ஒரே மருந்துக்கு மூன்று கோளாறும் சேர்ந்து வரும் என்றுதான் எவரும் நினைக்கவில்லை. அந்த ஊசி மருந்துக்கு வந்திருந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். இருப்பதிலேயே மோசமான மருந்துக்கு எங்கள் திரை வாயை மூடிக்கொண்டது.

மேலாளர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "மேடம், இது நமக்குள்ளேயே இருக்கட்டும். அவன் கவனிக்கலைன்னு எழுதிடலாம்" என்றார் மெதுவாக.

குழுத்தலைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கிடங்கே கேட்கும்படி சொன்னார்: "அண்ணன் பாத்தாரு சார். காட்டாதது நான்."

அண்ணனின் வேலை தப்பியது, குழுத்தலைவியின் வேலை போயிற்று. போவதற்கு முன் உட்கார்ந்து அந்தத் திரையைச் சரிசெய்து கொடுத்துவிட்டுத்தான் போனார். அவர்மேல் எனக்கு அன்று வந்த மரியாதை வேறு எந்த அதிகாரியிடமும் வந்ததில்லை.

இப்போது அவர் இடத்தில் நான் இருக்கிறேன். போன மாதம் அண்ணன் ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் போட்ட சால்வையை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது அந்தம்மாவுக்குப் போய்ச் சேரணும். அட்ரஸ் இருக்கா மேடம்?"

எங்கள் யாரிடமும் இல்லை.