வெறும் வயிறு

கத்திக்கு நான் பயந்தவள் இல்லை. மகளை வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பல வருடம் கழித்துக் கர்ப்பப்பையை எடுக்கும்போதும் அதே தழும்பின் மேலேயே கீறினார்கள். இரண்டு தடவையும் வாயைத் திறக்காமல் போய்ப் படுத்து எழுந்து வந்தவள் நான். அப்படிப்பட்ட என்னை நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து, "இந்தத் தடவ ரோபோ வச்சுப் பண்ணுவோம் டீச்சர்" என்று டாக்டர் சொன்னபோது, நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பழைய தழும்பு உள்ளே விட்டுப்போய், அந்த வழியாகக் குடல் வெளியே தள்ள ஆரம்பித்திருந்தது. குடலிறக்கம். முதலில் எலுமிச்சங்காய் அளவுதான். வகுப்பில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை அதட்டினால் புடைத்துக்கொண்டு முன்னால் வரும். அதட்டாமல் இருக்கிற ஆளும் நான் இல்லை. அதனால் ஒரு கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு மறு கையால் கரும்பலகையில் எழுதப் பழகினேன். மீதியைச் சேலை மறைத்தது. நாரத்தங்காய் அளவு ஆனபோதும் யாரிடமும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு மெல்ல அமுக்கினால் உள்ளே போய்விடும். ஒரு நாள் போகவில்லை. வலியும் வாந்தியுமாக என்னை அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த வேறொரு டாக்டர் எப்படியோ அமுக்கி உள்ளே தள்ளிவிட்டு, இனி ஒரு தடவை மாட்டிக்கொண்டால் குடல் அழுகிவிடும், உயிர் நிற்காது என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

"ஏற்கெனவே ரெண்டு தடவ கீறின வயிறு. மறுபடி பெருசாக் கீறினா ஆறுறது கஷ்டம். சின்னச் சின்னத் துளை போட்டு, ரோபோவோட கைய உள்ள விட்டு, விட்டுப்போன இடத்தத் தச்சு, அதுக்கு மேல ஒரு வலை வச்சிருவோம். அது தானா ஒண்ணும் செய்யாது. நான் கைய அசைச்சா அதுவும் அசையும்" என்றார் அந்த ரோபோ டாக்டர்.

"நீங்க எங்க இருப்பிய?" என்று கேட்டேன்.

"அதே ரூம்லதான். கொஞ்சம் தள்ளி."

அந்தக் கொஞ்சம் தள்ளிதான் எனக்குப் பிடிக்கவில்லை. கீறுகிற ஆள் பக்கத்தில் நின்றால் அவர் மூச்சாவது கேட்கும்.

என் வீட்டுக்காரர் கடல் தொழில் செய்கிறவர். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசர், வலை என்றதும் முழித்துக்கொண்டார். "கண்ணி எவ்வளவு இருக்கும் டாக்டரே? நைலானா?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டு மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். இவர் அதை இரண்டு விரலால் உரசிப் பார்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கொள்ளாம், நல்ல சரக்குதான்" என்று தலையாட்டினார். எனக்கு எரிச்சல் வந்தது. வயிறு என்னுடையது, இவர் என்னவோ சந்தையில் நின்று விலை பேசுகிற மாதிரி.

நான் கேட்டது ஒன்றுதான். "நடுவுல கரண்டு போனா?"

ஜெனரேட்டர் இருக்கிறது என்றார். அதுவும் நின்றால் என்றேன். ரோபோவின் கையை வெளியே எடுத்துவிட்டுத் தாங்களே தைப்போம் என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் கரண்டு போகும்போதெல்லாம் அது திரும்பி வரும்வரை ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

அந்த டாக்டர் திருவனந்தபுரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் வருகிறவர். ஒரு செவ்வாயைக் குறித்தார்கள். மகள் குவைத்தில் நர்ஸ். எனக்காக லீவு போட்டு வந்திருந்தாள். அந்தச் செவ்வாய் தவறினால் அடுத்த செவ்வாய்க்குள் அவள் திரும்பிப் போய்விடுவாள். அவள் வந்ததிலிருந்து நான்தான் அவளுக்குப் பிள்ளை. இருமாதே, குனியாதே, குடத்தைத் தொடாதே. எல்லாவற்றையும்விட ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அம்மா, முந்தின ராத்திரிக்குப் பொறவு ஒண்ணும் தொடக்கூடாது கேட்டியளா. வயிறு காலியா இருக்கணும்."

பயமாக இருக்கிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்ன வயதிலிருந்து அவளை அதட்டி வளர்த்தவள் நான். பாத்திரம் கழுவும்போதும், பஸ்சில் உட்கார்ந்திருக்கும்போதும், மயக்கம் போட்டால் திரும்ப எழுந்திருப்பேனா என்கிற ஒரே நினைப்புதான். பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டு நின்றேன். முன் பெஞ்சில் ஒருத்தி எனக்கு மீதியை எடுத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமையே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மகள் மருந்து வாங்கக் கீழே போனாள். அவள் போவதற்காகவே காத்திருந்த மாதிரி என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். காலில் கடல்மணல், தலை ஈரம். முதல் பஸ்சைப் பிடித்து ஊரிலிருந்து வந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"ஏட்டி, இத வாயில போடு. அவ வாறதுக்குள்ள."

பிரித்தேன். பன். எங்கள் ஊரில் கடற்கரை ஓரமாக ஒரு குருசடி உண்டு. சிலுவை வைத்த சின்னக் கோயில். செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே அங்கே நேர்ந்துகொண்டு, பங்குச் சாமியார் மந்திரித்த பன்னை எல்லோருக்கும் கொடுப்பார்கள். என் பேரில் நேர்ந்துவிட்டு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட உள்ளே போகாமல் வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டு வருகிற ஆள்.

"ஒண்ணும் சாப்பிடப்பிடாதுன்னு சொல்லியிருக்கா."

"இது சாப்பாடா? நேர்ச்சையில்லியா. நேர்ச்சைய வேண்டாம்னு எவளாவது சொல்லுவாளா?"

இதைப் படிக்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் ஊரில் நேர்ச்சையை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஒருசந்தி என்று விரதம் இருக்கிறவர்கள்கூட அதைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்கள், ஒருசந்தி முறிந்தது என்று ஒருவரும் சொல்வதில்லை. ஆனாலும் நான் டீச்சர். பன்னுக்கும் வயிற்றுக்கும் உள்ள சம்பந்தம் எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் கதவைப் பார்த்தபடியே உதட்டுக்குள் ஏதோ செபம் முணுமுணுத்தார். இவருக்கும் என்னைப் போலவே பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. முழுசையும் தின்றேன். தொண்டையை அடைத்தது, இரண்டு மடக்குத் தண்ணீரும் குடித்தேன். அவர் காகிதத்தை மடித்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

வார்டு நர்ஸ் வந்து ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். மகள் பக்கத்தில் நின்றாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியேட்டருக்குள் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. அங்கேதான் அதைப் பார்த்தேன். நாலு கை. ஒவ்வொரு கைக்கும் கண்ணாடித் தாளில் உறை போட்டு, மடக்கி மேலே தூக்கி வைத்திருந்தார்கள். நண்டு மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். நண்டாக இருந்தால் பயமில்லை, கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடலாம். மூலையில் ஒரு பெரிய பெட்டிக்கு முன்னால் டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, முகத்தை அதற்குள் வைத்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலை அசைக்க, என் தலைக்கு மேலே ஒரு கை சின்னதாகத் திரும்பியது. நான் கண்ணை மூடி அருள் நிறைந்த மரியே சொன்னேன். பாதியில் மறந்துபோயிற்று.

மயக்கம் கொடுக்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண். மகளைவிட இளையவளாக இருப்பாள். "அம்மா, காலைல ஒண்ணும் சாப்பிடலியே?" என்றாள்.

"இல்ல."

இரண்டாவது தடவை சொன்ன பொய் இது. சொன்னதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எதையும் ஏன் என்று கேட்கிற டீச்சர் புத்தி. "சாப்பிட்டிருந்தா என்னம்மா செய்யும்?" என்றேன்.

அவள் ஊசிக் குழாயைச் சரிசெய்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள். "மயக்கத்துல வயித்துல உள்ளது மேல ஏறி நுரையீரலுக்குள்ள போயிரும். இருமித் துப்ப உங்களுக்கு நினைவு இருக்காது. உயிருக்கே ஆபத்தாயிரும். அதுக்குத்தான் இத்தன தடவ கேக்குறது."

என் நாக்கின் அடியில் இன்னும் பன்னின் இனிப்பு இருந்தது.

சொன்னால் இன்றைக்கு நடக்காது. மகள் போய்விடுவாள். குடல் மறுபடி எப்போது மாட்டும் என்று யாருக்குத் தெரியும். அப்பனை அவள் என்ன பேச்சுப் பேசுவாள் என்று நினைக்கவே கூசியது. இரண்டு தடவை இல்லை என்று சொல்லிவிட்டு இப்போது எந்த முகத்தோடு வாயைத் திறப்பது? மந்திரித்த பன்னுதானே, ஒன்றும் செய்யாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். என் நெஞ்சு கேட்கவில்லை. அடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த மெஷினில் அந்த அடி பீப் பீப் என்று எல்லோருக்கும் கேட்டது.

"பயப்படாதீங்கம்மா, மூச்ச இழுத்து விடுங்க" என்று அவள் மூடியை என் மூக்கின்மேல் கொண்டுவந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரே, நான் ஒரு பன்னு தின்னேன்."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். எப்போது என்றாள். விடிந்ததும் என்றேன். எவ்வளவு என்றாள். முழுசும் என்றேன், தண்ணீரும் குடித்தேன் என்றேன். மூலையிலிருந்து பெரிய டாக்டர் வெறுங்காலோடு எழுந்து வந்து என்னைக் குனிந்து பார்த்தார். "பிள்ளையள் பொய் சொன்னா அடிப்பியளா டீச்சர்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாவுக்குப் பயந்துதான் சொன்னேன், வேறு ஒரு நல்ல எண்ணமும் அதில் கிடையாது. வேறொருவரை முதலில் எடுத்துக்கொள்வதாகவும், என்னை மத்தியானத்துக்கு மேல் பார்ப்பதாகவும் சொன்னார். அந்தச் சின்னப் பெண் என் கண்ணைத் துடைத்துவிட்டு, "சொன்னீங்களே, அது போதும்" என்றாள்.

கழுத்துவரை வெள்ளைத் துணியால் போர்த்தி என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியே உட்கார்ந்திருப்பார், அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. அடுத்து அவர் குரல்.

"எம் மாதாவே, நான் கொன்னுட்டேனே. எம் பொண்டாட்டிய நானே குடுத்துக் கொன்னுட்டேனே."

கண்ணைத் திறந்தேன். தரையில் உட்கார்ந்து, தலையில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தார். போன வேகத்திலேயே திரும்பி வருகிற என்னை, மூடிய கண்ணும் வெள்ளைத் துணியுமாகப் பார்த்திருக்கிறார்.

"எழும்பும். நான் சாவல்ல" என்றேன்.

அவர் நம்பவில்லை. தவழ்ந்து வந்து துணிக்குள் கையை விட்டு என் பாதத்தைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளி வந்தவரைப் பார்த்து, "சூடு இருக்கு" என்றார். ஏதோ வாங்கப் போயிருந்த மகள் அப்போதுதான் ஓடி வந்தாள். அவளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவதற்கு வாயைத் திறந்தாள், அப்பனைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

வார்டுக்கு வந்து, அவள் தள்ளிப் போனபிறகுதான் அவர் பேசினார். நான் உள்ளே போனதும் மகள் அவரிடம், நல்லவேளை அம்மா சொன்னபடி கேட்டார்கள், வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்திலேயே ஆள் போய்விடும் என்று சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டு அவள் கீழே போய்விட்டாள்.

"அந்தக் கதவத் தட்டணும்னுதான் எழும்பினேன்ட்டி. தட்டினா என்ன ஏதுன்னு கேப்பாவ, மவளுக்குத் தெரிஞ்சிரும்னு திரும்ப உக்காந்துட்டேன். மறுபடி எழும்பினேன். மறுபடி உக்காந்தேன். நீ வெளிய வரும்போ உக்காந்துதான் இருந்தேன்."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த மனுசர் மீதிக் காலம் முழுவதும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். "சவத்த விடும், நடந்தது நடந்து போச்சு" என்று மட்டும் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று மத்தியானமே நடந்தது, நன்றாகவே நடந்தது. வயிற்றின் ஓரத்தில் சின்னச் சின்ன வடுக்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. மறுபடி என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது எனக்குக் காலையைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. அவர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே கூட வந்தார். தியேட்டர் வாசலில் அந்தச் சின்ன டாக்டர் நின்றிருந்தாள். அவள் கேட்பதற்கு முன்னாலேயே, மகள் பக்கத்தில் நிற்கும்போதே, இவர் அவளுக்கு நேரே போய் நின்றார்.

"டாக்டரே, பன்னு நான்தான் குடுத்தேன். அதுக்குப் பொறவு அவ ஒண்ணும் தின்னல்ல. ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்ல. நான் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."