மண்டபச் சுவரில் கடல்

பேருந்து நிறுத்தத்தில் வரிசையைத் தாண்டி ஏறப் பார்ப்பவரை மரியமலர் அக்கா தோளில் தட்டிப் பின்னுக்கு அனுப்பிவிடுவார். “நைன்,” என்பார்; ஜெர்மனில் ‘இல்லை’ என்று அர்த்தம். ஜெர்மனியில் டோர்ட்முண்டில் பல காலம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். கோபம் வந்தால் முதலில் ஜெர்மன் வரும். பின்னால் வரும் தமிழ் அதைவிட மோசம்.

ஸ்ட்ரெதத்தில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பின்னறையில் உடுப்புத் திருத்துவது அவர் வேலை. காற்சட்டையின் நீளத்தைக் கட்டையாக்கக் கொடுத்தால், முன்பு யாரோ போட்ட தையலையும் சேர்த்துப் பிரிப்பார். “இதைத் தைச்சவன் நித்திரையிலயோ இருந்தவன்?” என்று கொடுத்தவரையே கேட்பார்.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் எல்லோரும் மண்டபத்தில் கூட்டமாக நின்று கதைக்க, அவர் மட்டும் தேநீரோடு ஒரு பழைய ஓவியத்தின் அச்சுப்படத்துக்கு முன்னால் போய் நிற்பார். பாய்மரம் முறிந்த படகு. அதற்கு மேலே கரும்பச்சையாய் எழுந்து நிற்கும் அலை. மாலுமிகள் துடுப்பு வலிக்கிறார்கள். ஒருவன் தொப்பியால் தண்ணீர் இறைக்கிறான். இயற்கையின் முன் மனிதன் எவ்வளவு சிறியவன் என்று காட்ட யாரோ வரைந்தது. அக்கா அலையைப் பார்ப்பதில்லை. “குனிஞ்சு வலியடா,” என்று ஓரத்தில் இருப்பவனை அதட்டுவார்.

2004 டிசம்பரில், நத்தாருக்கு மறுநாள் சுனாமி வந்தது. முல்லைத்தீவில் கரையில் நின்ற அவருடைய தம்பி சவிரிமுத்துவைக் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. ஜனவரியில் அக்கா மறுபடி பூசைக்கு வந்தபோது, மண்டபச் சுவரில் ரோஜாப் பூக்களின் படம் தொங்கியது. கடல் படம் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது.

மண்டபப் பொறுப்பாளர் கிறிஸ்துராஜா நல்ல மனிதர். அக்காவின் மனம் நோகக்கூடாது என்று குழுவில் பேசி எடுத்த முடிவு என்று, நோயாளியிடம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சுற்றி நின்ற நாங்களும் தலையாட்டினோம். அந்தத் தாழ்ந்த குரல்தான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“எனக்கு நோகும் எண்டு எல்லாரும் கூடிக் கதைச்சிருக்கிறியள். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை,” என்றார். “என்ர தம்பிக்கு ஒரு துடுப்பை எடுக்கக்கூட நேரம் கிடைக்கேல்லை. படத்தில இருக்கிற இவங்களுக்குக் கிடைச்சிருக்கு. இண்டைக்கும் வலிச்சுக்கொண்டுதான் இருக்கிறாங்கள். அவங்களைத் தூக்கி மூலைக்குள்ள வைக்க நீங்கள் ஆர்?”

கொஞ்ச நாள் போகட்டும், பூக்களைப் பார்த்தால் மனதுக்கு ஆறுதலாக இருக்கும் என்றார் கிறிஸ்துராஜா.

“பூ செத்தவீட்டுக்குக் கொண்டுவாறது. அவனை இன்னும் ஒருத்தரும் புதைக்கேல்லை.”

அக்கா அலுமாரியை ஒரு பக்கமாகத் தள்ளிப் படத்தை இழுத்தெடுத்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறினார். ரோஜாப் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கடல் படத்தை அதன் ஆணியில் மாட்டினார். இறங்க உதவலாம் என்று கிறிஸ்துராஜா கையை நீட்டினார். அக்கா அந்தக் கையில் ரோஜாப் படத்தை வைத்துவிட்டு, தானே இறங்கினார்.