பத்தாவது சாப்பாடு

நான் வேலை பார்க்கும் ஹம்பர்க் நகரத்தில் பத்தாவது காபி இலவசம். என் மேலதிகாரி உல்ரிக்கே வசதிக்கு ஒரு குறையும் இல்லாதவர். ஆனாலும் அந்தப் பத்தாவது காபிக்காகக் கொட்டும் மழையில் இரண்டு தெரு நடந்து போவார். திரும்பி வந்ததும் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "இது சும்மா கிடைத்தது" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்வார். எல்லோரும் கை தட்டாத குறைதான்.

அந்தக் கடைக்கான பாஸைச் செய்தவனே நான்தான். பாஸ் என்றால் பஸ் பாஸ் இல்லை. போனில் இருக்கும் வாலட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் அட்டை. கடைச் சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வந்து சேரும். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் ஒரு முத்திரை விழும். கடைப் பக்கம் போனால் தானாகவே திரையில் எட்டிப் பார்க்கும். இதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை என் அம்மா இன்றுவரை நம்பவில்லை.

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகிற ரோட்டில் அண்ணன் மெஸ் வைத்திருக்கிறான். சிமெண்ட் லாரி டிரைவர்கள்தான் அவனுக்கு எல்லாம். அங்கே வெந்த சோறுதான் என்னை இன்ஜினியராக்கியது. எதிரில் ஏசி போட்டு இன்னொரு மெஸ் வந்ததும் அண்ணன் போனில், "இப்படியே போனா ஆடியோட கடைய மூடிட வேண்டியதுதான்டா" என்றான். அன்றே உட்கார்ந்து அவனுக்கும் ஒரு பாஸ் செய்தேன். ஒன்பது சாப்பாடு சாப்பிட்டால் பத்தாவது இலவசம். கடை நெருங்கினால், "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்று திரையில் வரும். அந்த வாசகமும் என் கைவண்ணம்தான்.

இரண்டு வாரம் அமோகம். அப்புறம் ஒருநாள் என் கணினியை எட்டிப் பார்த்த உல்ரிக்கே, "எல்லோரும் ஒன்பதில் நின்றுவிட்டார்களே, ஸ்கேனர் பழுதா?" என்றார். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஒம்போது விழுந்ததும் எதிர்க் கடைக்குப் போயிடுறானுவடா. போனவன் திரும்ப வரமாட்டேங்குறான்."

"ஏன்னு கேட்டியாண்ணே?"

"எறையூர் செல்வராசு அண்ணன், பதினஞ்சு வருசமா வர்ற டிரைவரு, அவருக்குத்தான் மொத பத்தாவது. சந்தோசத்துல எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டேன், 'அண்ணே, இன்னிக்கி உங்களுக்குக் காசு வேணாம்'னு. மனுசன் பாதியில எலைய மூடிட்டாரு. 'நான் என்ன ஓசிச் சோத்துக்கா இங்க வர்றேன்'னு காசை வெச்சிட்டுப் போனவருதான். பாத்துக்கிட்டிருந்தவனெல்லாம் உசாராயிட்டான்."

எனக்கு இது தெரியாதா? நானும் அந்த ஊர்க்காரன்தானே. இத்தனை வருடம் பத்தாவது காபியைக் குடித்துக் குடித்துப் புத்தி மழுங்கிவிட்டது. உல்ரிக்கேயிடம், "ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கு அவமானமாகிவிட்டது" என்றேன்.

"இலவசமாகக் கிடைத்ததற்கா?" என்றவர், தன் குறிப்பேட்டில் 'மொழிபெயர்ப்புப் பிழை' என்று எழுதிக்கொண்டார்.

வழி சொன்னவர் அண்ணிதான். "சொல்லிக் காட்டிப் போட்டாத்தான தம்பி ஓசி? கேக்காம எலையில வெச்சிட்டா அது கவனிப்புங்க."

பாஸிலிருந்து 'இலவசம்' என்ற சொல்லை எடுத்தேன். இங்கே நான் ஒரு பொத்தானை அழுத்த, அங்கே அத்தனை டிரைவர்களின் போனிலும் அது மறைந்தது. முத்திரைக் கணக்கு இனி அண்ணனுக்கு மட்டும் தெரியும். பத்தாவது சாப்பாட்டின்போது அண்ணி ஓர் ஆம்லெட்டை இலையில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். செல்வராசு அண்ணனை மட்டும் அண்ணன் எறையூருக்கே போய்க் கூட்டிவந்தான். ஆடி வந்தது, போனது. கடை திறந்தே இருந்தது.

தை மாதம் ஊருக்குப் போனேன். பெரம்பலூரில் பஸ் மாறி, அரியலூரில் ஆட்டோ பிடித்து மெஸ்ஸை நெருங்கும்போது என் போன் ஒளிர்ந்தது. "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க." நானே எழுதியதுதான், இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது.

மெஸ்காரன் வீட்டில் யாரும் இலையில் சாப்பிடுவதில்லை. கூட்டம் ஓய்ந்ததும் அடுப்படியில் நின்றபடி, மிஞ்சியதைத் தட்டில் நாமே போட்டுக்கொள்வோம். பெட்டியை வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போய்த் தட்டுக்குக் கை நீட்டினேன்.

"ஐயோ, அங்க ஏன் தம்பி புகையில நிக்கிறீங்க? முன்னாடி ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்றார் அண்ணி.

செல்வராசு அண்ணனுக்குப் பக்கத்தில் எனக்கும் இலை விழுந்தது. சோறு வந்தது, குழம்பு வந்தது. பிறகு, நான் கேட்காமலே, அண்ணி ஓர் ஆம்லெட்டை என் இலையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனார்.

உள்ளே அடுப்படியில் அண்ணன் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது.