ரெண்டு கோட் நெயில் பாலிஷ்

ஒருவரைப் பழிவாங்க வேண்டும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஆசைப்பட்டேன். ஆசை நிறைவேறியது. வயசான காலத்தில் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டிருக்கலாமா என்று என் தங்கை கேட்கிறாள். வைக்கலாம். மனசில் இடம் நிறைய இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெங்களூரில் டெலிபோன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் நான் வேலை பார்த்த லைனை மூடிவிட்டார்கள். அல்சூரில் சும்மா உட்கார்ந்திருந்தவளை ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு பெரிய வீட்டுக்காரர் வேலைக்குக் கூப்பிட்டார். ரிட்டயரான எஞ்சினியர். தமிழர்தான், ஆனால் தமிழில் பேசுவதே நமக்குச் செய்யும் சலுகை என்கிற மாதிரி பேசுவார். வீட்டுக்குப் பின்னால் அவுட்ஹவுஸில் ஒரு மேசை, ஈயம் வைக்கிற சாமான்கள், ஒரு மீட்டர். அவருக்கு ஒரே பைத்தியம், நாலு ஸ்பீக்கர் ரெக்கார்டு.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் சில இசைத்தட்டுகளை நாலு மூலையிலிருந்தும் கேட்கிற மாதிரி பதிவு செய்தார்கள். முன்னால் ரெண்டு ஸ்பீக்கர், முதுகுக்குப் பின்னால் ரெண்டு. நாலு சத்தத்தையும் ரெண்டாக மடித்துத் தட்டில் ஏற்றியிருப்பார்கள். அதைத் திரும்பவும் நாலாகப் பிரிக்கிற பெட்டிதான் டீகோடர். ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுப்போன தட்டுகள் பெங்களூரில் கிடைத்தன. டீகோடர் கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு. கிடைத்த பழைய பெட்டிகளிலும், பின்னால் நின்று பாட வேண்டியவன் மூக்குக்கு முன்னால் வந்து பாடினான். இதைவிட நல்லதாக நான் செய்கிறேன் என்று அவர் ஒரு சர்க்யூட் வரைந்தார். அதிலும் அவன் மூக்குக்கு முன்னால்தான் பாடினான்.

சர்க்யூட்டில் கோளாறு இல்லை. உள்ளே கண்டன்சர்கள், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கிற குட்டிப் பாகங்கள், ஜோடி ஜோடியாக வரும். ஜோடியில் ரெண்டும் ஒரே அளவாக இருந்தால்தான் சத்தம் சுத்தமாகப் பிரியும். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்குகிற கண்டன்சரில் மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு. தினமும் காலையில் அவர் எழுந்து வருவதற்கு முன்பே போய், ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்து அளந்தேன். விரல் பட்டால் அந்தச் சூட்டிலேயே அளவு ஆடும் என்று புருவம் பிடுங்குகிற இடுக்கியால் பிடித்தேன். ஒத்துப்போகிறவற்றுக்கு ஒரே நிறத்தில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தேன். சிவப்பு, ரோஸ், மெரூன். மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் பொறுக்கி, சிவப்புக்குச் சிவப்பாகச் சேர்த்து ஈயம் வைத்தேன்.

அந்தப் பெட்டியில் டெஸ்ட் ரெக்கார்டு போட்டோம். அதில் ஒரு வெள்ளைக்காரன் ஒவ்வொரு மூலையாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவான். "லெஃப்ட் பேக்" என்றபோது என் இடது தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னான். யாரோ நிற்கிறார்கள் என்று நான் திரும்பியே பார்த்துவிட்டேன். அடேயப்பா, அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷம்!

"என் சர்க்யூட் எப்படி வேலை செய்யுது பாத்தியா" என்றார் அவர்.

"கண்டன்சரைப் பொறுக்கிப் போட்டேன் சார்."

"குட், குட். செத்ததையெல்லாம் தூக்கிப் போட்டுட்டே இல்ல?"

பொறுக்குவது என்றால் கெட்டதை எறிவது என்று அவருக்கு நினைப்பு. விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் நண்பருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியின் முன்னால் அலுமினியத் தகடு வந்தது. டிசைன், தயாரிப்பு எல்லாம் அவர் பெயரில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஒரு சனிக்கிழமை ரெக்கார்டு கேட்க நண்பர்கள் வந்திருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "மூடிக்கு உள்பக்கமாவது என் பேரைச் சின்னதாப் போடலாமா சார்?"

அவர் நண்பர்களைப் பார்த்துச் சிரித்தார். "உன் பேரைப் போட்டா யாரும்மா வாங்குவா? இது என்ன ஊறுகா பாட்டிலா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

ரெண்டு மாதம் கழித்துப் பக்கத்து மளிகைக் கடைக்கு எனக்குப் போன் வந்தது. அவர்தான். முதல் பெட்டியைக் கேட்ட வெளிநாட்டுக்காரர் ஒருவர், இதே மாதிரி பத்து வேண்டும் என்று சொல்லியிருந்தாராம்.

"ஏம்மா, அந்த நெயில் பாலிஷ் என்ன பிராண்டு?"

"எதுக்கு சார்?"

"அது கண்டன்சரோட அதிர்வை அடக்குது. நான் யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். புதுசா ஒரு பொண்ணை வச்சுப் போடச் சொல்லியிருக்கேன், ஆனா அந்தப் பழைய சத்தம் வரல. நீ எத்தனை கோட் போட்டே?"

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அத்தனையும் காதில் விழுந்தது.

"ரெண்டு கோட் சார். முதல் கோட் நல்லாக் காயணும். ஃபேன் மட்டும் போட்டுடாதீங்க" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போன். வெளிநாட்டுக்காரர் நேரிலேயே வருகிறாராம். பாத்திரம் கழுவுகிறவள் கல்யாணத்துக்கு ஆனேக்கல் போய்விட்டாளாம். "ஒரு நாள் வந்து டீ, டிபன் பாத்துக்கோம்மா." கரும்பு தின்னக் கூலியா? இருந்ததில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன்.

பத்துப் பெட்டிகளும் வரிசையாக இருந்தன. அந்தச் சனிக்கிழமை நண்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். டெஸ்ட் ரெக்கார்டு ஓடியது. "லெஃப்ட் பேக்" என்றவன் அறை நடுவில் நின்று சொன்னான். அடுத்த பெட்டியிலும் அதே. வந்தவர் ஒரு மூடியைத் திறந்து, இந்தப் பொட்டு என்ன என்று கேட்டார். நம்மவர் அதிர்வு, அடக்குதல் என்று இங்கிலீஷில் அளந்தார். வந்தவர் மீட்டர் கேட்டார். ரெண்டு சிவப்பை எடுத்து அளந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

வீட்டுக்காரர் சட்டென்று என் பக்கம் கையை நீட்டினார். "எல்லாம் இவள் செய்தது. முதல் பெட்டியும் இவள் வேலைதான்."

முதல் தடவையாக, நாலு பேர் முன்னால், பழி போடுவதற்காக அதைச் சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்து, முதல் பெட்டியில் என்ன செய்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார்.

டிபன் தட்டை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். முடியவில்லை. தப்பாகப் பேசுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஆகாது. சமையலறையிலிருந்து இட்லித் தட்டுகளைக் கொண்டுவந்து, கண்டன்சர் டின்னை மேசையில் கவிழ்த்து, அளந்து அளந்து குழி குழியாகப் பிரித்தேன். ஒரு பெட்டியைப் பிரித்து மாற்றி ஈயம் வைத்தேன். டீ ஆறிப் போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை. ரெக்கார்டு போட்டதும் குரல் நேராக மூலைக்குப் போய் நின்றது. வந்தவர் கை தட்டினார்.

மீதி ஒன்பதையும் இப்படியே செய்தால் வாங்கிக்கொள்கிறேன், தகட்டில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும் என்றார். ஒப்புக்கொள்கிறேன், என் கோபம் அப்போது இறங்கிவிட்டது. ஒன்பதுக்கும் சேர்த்துப் பொறுக்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை டின் நிறையச் சரக்கு இருந்ததால் ஜோடி சுலபமாகக் கிடைத்தது, சாயங்காலத்துக்குள் இட்லித் தட்டுகள் நிரம்பின. வந்தவர் நோட்டை எடுத்து என் பெயர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் என் தோளில் கை வைத்து, பெருந்தன்மையாக ஒரு பெயரைச் சொன்னார். ஸ்பெல்லிங்கும் எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அது பாத்திரம் கழுவுகிறவளின் பெயர்.

நான் திருத்தவில்லை. இட்லித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டின்னில் கவிழ்த்தேன். உள்ளே கையை விட்டு நன்றாகக் கலக்கினேன். "ஐயோ, என்னம்மா பண்றே!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"அந்தப் பேர்க்காரி நாளைக்கு ஆனேக்கல்லேர்ந்து வந்துடுவா சார்" என்றேன். "அவளையே பொறுக்கச் சொல்லுங்க."