அம்மாவுக்குப் பின் சீட்டில் ஓர் இடம்

இந்த ஊரில் குளிர்காலம் வந்துவிட்டால், செல்போனுக்குச் சார்ஜ் போடுவதுபோல் காருக்கும் பிளக் சொருகிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். ஒவ்வொரு காரின் முன்பக்கத்திலிருந்தும் ஒரு வயர் நாக்கு மாதிரி தொங்கும். வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, கனடாவில் எல்லாமே கரண்டு கார்தான் என்று பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவில் இருக்கும் அம்மாவிடம் போனில் அளந்துவிட்டேன். அம்மா அதைப் பொன்னேரி மீன் மார்க்கெட் முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. அது காரை ஓட்டும் கரண்டு இல்லை. என்ஜின் விறைத்துப் போகாமலிருக்க ராத்திரி முழுவதும் அதற்கு ஒத்தடம் கொடுக்கும் பிளாக் ஹீட்டர். மாசி மாதத்திலேயே பனியனைக் கழற்றிப் போடுகிற ஊரில் பிறந்தவனுக்கு, இரும்புக்கும் குளிரும் என்பது சுலபத்தில் நம்பக்கூடிய சங்கதியா? எங்களுக்கென்று கார் இல்லாத அந்த நாட்களில், பக்கத்து வீட்டுக்காரர் பிளக் சொருகுவதை ஜன்னலில் நின்று வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் இருப்பது வின்னிபெக்குக்கு வடக்கே, ஒரு பெரிய ஏரிக்குப் போகும் வழியிலுள்ள சின்ன ஊர். நான் வேலை பார்க்கும் பேக்கரி, நடந்து போகும் தூரம். என் மனைவி கவிதாவுக்கு அடுத்த ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவளுடைய ஷிப்ட் தொடங்கும் நேரத்தில் எந்த பஸ்ஸும் கிடையாது. தன் காரில் அவளை ஏற்றிக்கொண்டு போன தோழி வேறு மாகாணத்துக்கு மாறிப் போவதாகச் சொன்ன அன்றைக்கு, இனிமேல் கார் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. பிறந்த ஊரான சுண்ணாம்புக்குளத்தில் சைக்கிள்கூட ஓட்டாதவள், அந்தத் தோழி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, வந்த இரண்டாவது கோடையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நான் இன்னும் வாங்கவில்லை. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்து லேன் மாறுவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கும்போதெல்லாம், இவள்தானா நம் வீட்டில் ரசம் வைக்கிறவள் என்று எனக்கு மலைப்பாக இருக்கும்.

இரண்டு கார்கள் எங்கள் பார்வையில் இருந்தன. ஒன்று, ஷோரூமில் நின்ற புத்தம் புதுச் சின்னக் கார். ஸ்டீயரிங்கே சூடாகும், பிடித்தால் டீ கிளாஸைப் பிடித்த மாதிரி உள்ளங்கை குளிர் விடும். எந்தக் குளிரிலும் ஒரே அழுத்தில் கிளம்பும், வாரண்டி உண்டு, கவிதா தனியாக வெறிச்சோடிய சாலையில் போகும்போது நடுவழியில் நின்றுவிடுமோ என்கிற பயம் இல்லை. மற்றொன்று, ஏரிக்கரை ஊரில் வால்டர் என்ற பெரியவர் விற்கப் போட்டிருந்த பழைய செடான். நீளமான வண்டி. புதியதன் விலை கூட என்றாலும் மாதத் தவணையில் சமாளித்துவிடலாம். நிஜமான வித்தியாசம் பின் சீட்டில் இருந்தது. சின்னக் காரில் எங்கள் சின்ன மகளுக்கான குழந்தை சீட்டைக் கட்டிய பிறகு, பக்கத்தில் உட்காருகிற ஆள் முழங்காலைத் தாடைக்குக் கொடுத்துத்தான் உட்கார வேண்டும். செடானில் காலை நீட்டலாம். எனக்கு அந்த நீட்டல்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் அம்மாவின் வலது முழங்கால் மடங்காது. வருஷக்கணக்காகத் தரையில் குந்தி மீன் விற்றதில் வீங்கிப்போன கால். ஷேர் ஆட்டோவில்கூட ஓரத்தில் உட்கார்ந்து காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் போவாள்.

அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தோம். எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்பேன். ஐப்பசி மழை போகட்டும் என்பாள். பிறகு, முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் வரட்டும், இறால் சீசன் முடியட்டும், கோயில் கூழ் ஊற்றி முடியட்டும் என்பாள். நானும் நம்பினேன். கவிதா நம்பவில்லை என்று பிற்பாடுதான் தெரிந்தது.

“வராதவங்களுக்கு எடம் வெச்சு வண்டி வாங்குவியா மாமா? டெய்லி ஓட்டப்போறது நானு,” என்றாள் ஒருநாள்.

“வருவாங்க. வந்தா எங்க உக்காருவாங்க?”

“வந்தா நான் நடந்து போறேன்,” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கோபத்தோடுதான் என்றாலும் செடானைப் பார்க்க, தோழியிடம் இரவல் வாங்கிய காரில் அவளும் வந்தாள். வால்டர் வீட்டு முற்றத்தில் அந்த வண்டி வெயில் படும் பக்கமாக நின்றது. நான் பின் சீட்டில் ஏறி, அம்மாவாக என்னை நினைத்துக்கொண்டு வலது காலை நீட்டிப் பார்த்தேன். தாராளமாக நீண்டது. டிக்கியைத் திறந்தால், நாலு மீன் கூடையை வரிசையாக அடுக்கலாம். கவிதா ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மனசே இல்லாமல், நல்லாத்தான் போகுது என்றாள். வால்டர் கையை நீட்டினார். நான் கையைக் கொடுக்காமல் ஒரு கேள்வி கேட்டேன்: “உங்கள் மனைவிக்கு இதைக் கொடுப்பதில் சம்மதமா?”

அவருக்குப் புரியவில்லை. வண்டி தன் பெயரில்தான் இருக்கிறது, வில்லங்கம் எதுவும் இல்லை என்று உள்ளே போய்ப் பேப்பர்களை எடுத்துவந்து காட்டினார். நான் கேட்டது அதுவல்ல என்று விளக்கினேன். அவர் கவிதாவைப் பார்த்தார். கவிதா, கேளுங்கள் என்பதுபோல் தலையாட்டினாள். அவளும் பழவேற்காட்டு ஏரிக்கரைக்காரிதானே.

எங்கள் பக்கத்தில் பழைய படகு வாங்கப் போகிறவர்கள் விலையை ஆண்களிடம் பேசி முடிப்பார்கள். ஆனால் கயிற்றைத் தொட மாட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணை வெளியே கூப்பிட்டு, மனசாரக் கொடுக்கிறாயாம்மா என்று கேட்பார்கள். அவள் ஒரு சொம்பு தண்ணீரைப் படகின் முன்முனையான அணியத்தில் ஊற்றி, கயிற்றைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் படகு நகரும். வீட்டுக்காரியின் மனத்தாங்கலோடு வந்த படகில் மீன் படாது என்பது நம்பிக்கை. அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்து தொழிலுக்குப் போக முடியாமல் ஆனபோது, எங்கள் ஃபைபர் படகை வாங்க ஆள் வந்தார்கள். பேச்சு முடிந்து டீயும் வந்துவிட்டது. அம்மாவைக் கேட்டார்கள். “குடுக்க மனசில்ல,” என்றாள். வந்தவர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அப்பாவும் திட்டவில்லை. அந்தப் படகு பல மாதம் கரையிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அம்மாவே ஆள் சொல்லியனுப்பி, தண்ணீர் ஊற்றிக் கயிற்றைக் கொடுத்தாள். நான் பார்த்த பெண்களிலேயே, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறவள் அவள்.

வால்டர் அரைமனதாகக் கதவைத் திறந்து, “ஐரீன்” என்று கூப்பிட்டார். தடித்த கண்ணாடியும் வீட்டுச் செருப்புமாக அந்த அம்மாள் வந்து பனியில் நின்றார். நான் கேட்டேன். அவர் காரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்.

“இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை,” என்றார். “எனக்குக் கொடுக்க விருப்பமில்லை.”

பார்வை மங்கிவிட்டதால் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓட்டவில்லை. ஆனால் தினமும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்து, வெயில் காய்ந்துகொண்டே ரேடியோ கேட்கிறார். காரைக் காலைக் காபிக்கு வைத்திருப்பது என்பது எனக்குப் பிரமிப்பாக இருந்தது. அதைவிடப் பிரமிப்பு, நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் வால்டருக்கு இது விற்கக் கூடாத பொருள் என்று தெரியாமல் இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. கார் வாங்க வந்தாயா, குடும்பத்தைக் கலைக்க வந்தாயா என்று என்னைக் கேட்டிருந்தாலும் நியாயம்தான். கேட்கவில்லை. பேப்பர்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தோழியின் காரில் நாங்கள் ஏறும்வரை நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்களுக்குக் காலை, அங்கே பொழுது சாய்ந்து அம்மா சாப்பிட்டு முடித்திருந்தாள். பின் சீட்டில் அவளுக்காகக் காலை நீட்டிப் பார்த்ததிலிருந்து ஐரீன் கதைவரை விலாவாரியாகச் சொன்னேன். அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“அந்தம்மா சொன்னதுதான் சரி,” என்றாள். “கேட்டாங்க, சொல்லிச்சு. நீ என்னியக் கேட்டதே இல்லியே நைனா.”

“வாராவாரம் கேக்கறேனேம்மா.”

“எப்ப வரேன்னு கேக்கிற. வரியான்னு எப்ப கேட்ட?”

கவிதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கேட்டேன்.

“வரியாம்மா?”

“வரல.”

அவ்வளவுதான். எத்தனை மழைக்காலம், எத்தனை இறால் சீசன், எல்லாவற்றுக்கும் பின்னால் இந்த ஒரு வார்த்தை இருந்திருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதோடு ஒரு வியப்பும் வந்தது. இவ்வளவு பெரிய பதிலை மனசில் வைத்துக்கொண்டு இவள் எப்படி இத்தனை நாள் என் வேலையையும் என் குளிரையும் விசாரித்துக்கொண்டிருந்தாள்?

“இன்னா பண்ணுவேன் அங்க வந்து?” என்று அம்மாவே தொடர்ந்தாள். “மார்க்கெட்டுல என் எடத்துல நான் ஒரு மாசம் உக்காரலன்னா வேற ஒருத்தி கூடை வெச்சுடுவா. அப்புறம் அவளோட யாரு சண்ட போடறது. எனக்கு இங்க எடம் இருக்குது. நீ எனக்குன்னு எடம் வெச்சு வண்டி வாங்காத. கவிதாக்கு எது ஒத்துவருதோ அத்த வாங்கு.”

“அத்தே,” என்றாள் கவிதா. சின்னக் காருக்காக என்னோடு அத்தனை நாள் மல்லுக்கு நின்றவள், ஜெயித்த அன்றைக்கு அழுதாள்.

சின்னக் காரையே வாங்கினோம். ஷோரூமில் சாவியைக் கொடுத்த இளைஞனிடம், இதை மனசாரக் கொடுக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால், சந்தேகம் எதுவானாலும் இந்த நம்பருக்கு அழையுங்கள் என்று அட்டையை நீட்டுவான். பேசாமல் வாங்கிக்கொண்டோம். கவிதா அடுத்த நாளே வேலைக்கு அதில்தான் போனாள். விடியற்காலைக் குளிரில், ஒரே அழுத்தில் கிளம்பியது.

முதல் விடுமுறை நாளன்று, எல்லோரும் போகிறார்களே என்று நாங்களும் ஏரியைப் பார்க்கப் போனோம். கவிதா ஓட்டினாள். நான் பின்னால், மகளின் சீட்டுக்குப் பக்கத்தில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன். கரையில் சாலை முடிந்துவிடும் என்று பார்த்தால், முடியவில்லை. முன்னால் போன வண்டிகள் அப்படியே ஏரிக்குள் இறங்கின.

“இன்னா மாமா இது, தண்ணிக்குள்ள எறங்குறாங்க,” என்றாள் கவிதா. அவளும் இறங்கினாள்.

ஏரி முழுக்கக் கல்லாகியிருந்தது. இடுப்பளவுக்குக் கனமான பனிக்கட்டி என்று பலகையில் எழுதியிருந்தார்கள். அதன்மேல் பனியை ஒதுக்கிச் சாலை போட்டிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. எது வானம், எது ஏரி என்று சொல்ல முடியவில்லை. ஓரிடத்தில் இரண்டு பேர் பனியில் துளை போட்டு, அடியில் விட்ட வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே வந்த மீன் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அப்படியே விறைத்தது. நம்மூரில் மீனைத் தேடி ஐஸ் லாரியில் வரும். இங்கே மீன் ஐஸைத் தேடி மேலே வருகிறது. பழவேற்காடு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வளர்ந்த நான், ஏரியின் தலைமேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.

“இன்னாடா இது, உப்பளமா?”

“ஏரிம்மா. ஏரி மேல கார் ஓட்டிக்கினு போறோம்.”

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “தண்ணி எங்க?”

“கீழ.”

“மீனு?”

“அதுவும் கீழதான். வலை வுட்டு இழுக்கிறாங்க, பாரு.”

அம்மா சற்று நேரம் பார்த்தாள். “டேய், அடுத்தவன் வலை கீழ கெடக்குது. அது மேல இன்னா அவசரம். மெதுவா போகச் சொல்லு அவள.”

நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. கவிதா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கார் நடந்து போகிற வேகத்துக்கு வந்தது. பின்னால் வந்த டிரக்குக்காரர் எங்களுக்கு இணையாக வந்து, கண்ணாடியை இறக்கி, வண்டியில் ஏதாவது கோளாறா, உதவி வேண்டுமா என்று கேட்டார். கோளாறு எதுவும் இல்லை, கீழே வலை இருக்கிறது என்றேன். அவர் பனியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என் கையிலிருந்த போனில் அம்மாவையும் பார்த்தார். பிறகு கையசைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். நாங்கள் மெதுவாகவே போனோம்.