எண்பத்து நான்கு மாதங்களையும் அவிழ்த்த வரி

போடியில் உள்ள அந்த ஏலக்காய் கம்பெனியில் ஒரு ரிப்போர்ட் வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும். அதற்கு வைத்தியம் சொல்லாத ஆள் ஆபீஸில் இல்லை. முதலாளி சுயம்புலிங்கம் ஆயுத பூஜையன்று சர்வர் பெட்டிக்குச் சந்தனம் பூசி, மேலே ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பழம் சுருங்கிக் கருத்து இன்னமும் அங்கேயே இருக்கிறது. சிஸ்டம் பொறுப்பில் இருக்கும் பிரின்ஸ் எதைக் கேட்டாலும் "இண்டெக்ஸ் போட்டுரலாம்" என்பார். தேடுவதைச் சட்டென்று எடுக்க உதவும் அட்டவணை அது. கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டார். ரிப்போர்ட் அசையவில்லை. காலையில் புது விவரங்களை ஏற்றும் வேலைதான் இரண்டு மடங்கானது.

இரண்டு பேரையும் பார்த்தால் பூமாரிக்கு இளக்காரம். யாரைப் பார்த்தாலும் அவளுக்கு இளக்காரம்தான். ஆண்டிபட்டிப் பக்கம் மானாவாரிக் காட்டுக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டத்தோடு அதே கம்பெனியில் இரண்டு வருடம் பில் போட்டாள். இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று தன்னையே கேட்டுக் கேட்டுச் சலித்த நேரத்தில்தான் டேட்டா வேர்ஹவுஸுக்கு மாற்றினார்கள். ஏழு வருடத்தில் வந்த ஒவ்வொரு மூட்டையின் தோட்டம், தரம், ஈரம், ஏலத்தில் யார் யார் கேட்டார்கள் என்பதெல்லாம் மாதம் மாதமாகப் பிரித்து அடுக்கியிருக்கும் இடம் அது. மொத்தம் எண்பத்து நான்கு மாதம்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

"ஏம்மா, எந்தத் தோட்டத்துக் காய் வருதுன்னு ஏலத்துக்கு அரை மணி முன்னாடிதான் நமக்கே தெரியுது. உன் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நல்ல காய் வித்துப்போகுது. சனிக்கிழமை நேரத்துக்கு வரலைன்னா இந்த வேலையக் கோயமுத்தூர்க் கம்பெனிக்காரக கிட்ட குடுத்துருவேன். நீ பழையபடி பில்லு போடு."

"மெமரி கூட்டணும் சார்," என்றார் பிரின்ஸ். அவருக்கு எல்லாமே கூட்ட வேண்டும்.

அல்லிநகரத்து அறையிலிருந்து போடிக்குப் போகிற பஸ்ஸில் பூமாரி போனில் டேட்டாபேஸ் பாடம் பார்த்தாள். பாடம் எடுத்தவன் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை "வெரி சிம்பிள்" என்றான். சிம்பிள் என்றால் எதற்கு ஒன்பது மணி நேரம் பேசுகிறான் என்று அவளுக்கு எரிச்சல். நடுவில் அம்மா மொக்கம்மாள் கூப்பிட்டாள்.

"என்ன ஆத்தா வேலை பாக்குற இப்ப?"

"கம்ப்யூட்டரை வேகமா ஓட வைக்கணும்மா."

"ஓட்டுறதுக்கு அது என்ன மாடா? இம்புட்டுப் படிச்சு..." என்று அம்மா பாதியில் விட்டாள்.

டேட்டாபேஸிடம் ஒரு சொல் சேர்த்துக் கேட்டால், எந்த வழியில் போய் விடை தேடுகிறது என்று அதுவே எழுதிக் காட்டும். ஒன்பது மணி நேரத்தில் உருப்படியாக அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். ஒரு வருடமாக அதை யாரும் கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்க நேரம் இருந்தது.

புதன்கிழமை கேட்டாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து வெளியே வாசிக்க வேண்டும் என்பது மதியத்துக்கு மேல்தான் பிடிபட்டது. முதலாளி கேட்பது ஒரு பருவத்து விவரம், பன்னிரண்டு மாதம். டேட்டாபேஸ் எண்பத்து நான்கையும் படித்துக்கொண்டிருந்தது.

காரணம் ஒரே வரி. தோட்டக்காரர்களுக்கு வருடம் ஜனவரியில் பிறப்பதில்லை. காய் பறிக்கும் முதல் எடுப்பு தொடங்கும் ஆகஸ்டில் பிறந்து ஜூலையில் முடிகிறது. முதலாளியும் அந்தக் கணக்கில்தான் கேட்பார். அதற்காக யாரோ ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தார்கள். தேதியைக் கொடுத்தால் அது எந்தப் பருவம் என்று சொல்லும். ஆனால் ஒவ்வொரு மூட்டையின் தேதியையும் எடுத்துக் கொடுத்தால்தான் சொல்லும். கோடவுனில் ஒவ்வொரு வரிசையிலும் மாதத்தைச் சாக்பீஸால் எழுதி வைத்திருக்க, ஒருவன் அத்தனை மூட்டையையும் அவிழ்த்து உள்ளே சீட்டைத் தேடுகிற மாதிரி.

"எவன்டா இந்த அறிவாளி," என்று முணுமுணுத்தாள். பிரின்ஸிடம் என்ன கேட்பது என்றுகூட முடிவு செய்துவிட்டாள். 'சார், இதுக்கும் ஒரு இண்டெக்ஸ் போடுவோமா?' ஃபைலைத் திறந்தாள். முதல் வரி:

எழுதியவர்: பூமாரி, பி.எஸ்சி.

போன வருடம், இந்த வேலைக்கு வந்த முதல் வாரம். பட்டத்தைக்கூட விடவில்லை. அந்த பி.எஸ்சி.யின் புள்ளிகளைப் பார்க்கப் பார்க்க, இத்தனை நாள் மற்றவர்களுக்கு வைத்திருந்த சிரிப்பெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது.

மாற்றுவதற்குப் பத்து நிமிடம். ஃபங்ஷனை எடுத்துவிட்டு, ஆகஸ்ட் ஒன்றிலிருந்து ஜூலை முப்பத்தொன்று வரை என்று நேராக எழுதினாள். வெள்ளிக்கிழமை மதியம் ஓட்டினாள். ஐம்பது வினாடி. அதே மதியம் பிரின்ஸ் சர்வரைத் திறந்து புது மெமரியை மாட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குத் தோட்டப் பட்டியல் வந்தது. முதலாளி தேநீரை வாயருகே கொண்டுபோவதற்குள் ரிப்போர்ட் திரையில் நின்றது.

"பார்றா பிரின்ஸு, மெமரின்னா மெமரிதான்யா," என்றார் முதலாளி. பிரின்ஸ் அடக்கமாகத் தலையாட்டினார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலைக்கு ஆபத்து இல்லை. அவள் பேரும் வெளியே வராது. ஆனால் அடுத்த ரிப்போர்ட் நின்றால் இன்னொரு பெட்டி, இன்னொரு எலுமிச்சம்பழம்.

"மெமரி இல்ல முதலாளி. பழைய வரியை வச்சே இப்ப ஓட விடுறேன். ஏலம் முடிஞ்சு வந்து பாருங்க."

ஒரு மணிக்கு அவர் திரும்பினார். புது மெமரியோடும் பழசுக்கு முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. பிரின்ஸ் குனிந்து ஃபைலின் முதல் வரியைச் சத்தமாக வாசித்தார். பி.எஸ்சி.யைத் தனியாக நிறுத்தி வாசித்தார்.

"அப்ப ஒரு வருசமா நாங்க காத்துக் கெடந்தது உன்னாலயா?" என்றார் முதலாளி.

"ஆமா முதலாளி."

அவர் சர்வர் பெட்டியையும் காய்ந்த பழத்தையும் பார்த்தார்.

"கோயமுத்தூர்க்காரக வந்திருந்தா இதச் சொல்லிருப்பாகளா?"

"சொல்லிருப்பாக. என் பேரோட."

"காயோட ஈர ரிப்போர்ட்டும் இப்படித்தான் நிக்குது. அதையும் நீயே பாரு." வாசல் வரை போனவர் திரும்பினார். "அதுலயும் உன் பேரு இருக்கா?"

"தெரியல முதலாளி," என்று பூமாரி அந்த ஃபைலைத் திறந்தாள். "இருக்கும்."