மூன்றாவதாக வந்த இன்ஜின்

என் நண்பனின் அண்ணன் பைக் தெருமுனை திரும்பும்போதே அவர்கள் அம்மா அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டுவிடுவார். அந்த வண்டிக்கு ஹாரன் தேவையில்லை. இன்ஜினுக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதுபோல டக் டக்கென்று ஒரு சத்தம்.

"இன்னாண்ணா, மாவு மில்லுக்குப் பெட்ரோல் ஊத்தி ஓட்டிக்கினு வர்றியா?" என்று தினமும் கேட்பேன்.

"உன் வாய்ல அரிசியப் போட்டா இத்தவிட நைசா அரைக்கும்டா" என்பார்.

புதுவாயல் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு லாரி அவரை அடித்துவிட்டுப் போனது. அவர் பிழைக்கவில்லை. பைக்கின் முன்பக்கம் மடங்கிக் கிடந்தது, இன்ஜினில் கீறல்கூட இல்லை. அப்படி போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும் வண்டியை எங்கள் பக்கம் யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். வெளியூர் ஆளாகப் பார்த்து, நடந்ததைச் சொல்லாமல் தள்ளிவிடுவார்கள். அம்மா விடவில்லை. நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார்.

நண்பன் டிப்ளமா படித்துவிட்டு சிப்காட்டில் வேலையில் இருந்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டதால் நான் வெல்டிங் பட்டறையில் இருந்தேன். அவனுக்குக் கார் பந்தயப் பைத்தியம். "உன்ன ஒரு நாளு டிராக்ல எறக்கி உடுறன்டா" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். அதை விடக்கூடாது என்று அவன் நினைத்தான். யாரோ ஓட்டிக் கழித்த ஒரு குட்டி ஃபார்முலா கார், இன்ஜின் இல்லாமல் கிடைத்தது. ஒரே ஆள் உட்காரலாம், சக்கரம் நான்கும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஆசைக்காக ஓட்டுகிறவர்களின் பந்தயம் அது. அதில் பைக் இன்ஜின்தான் பூட்ட வேண்டும்.

விதிமுறையை அவன் வாசித்து எனக்குத் தமிழில் சொன்னான். ஷோரூமில் விற்ற பைக்கின் இன்ஜினாக இருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக். இன்ஜின் நம்பரை ராவி அழித்திருக்கக் கூடாது. உள்ளே சிலிண்டரும் பிஸ்டனும் கம்பெனி போட்ட அளவிலேயே இருக்க வேண்டும்.

"பொண்ணு பாக்கப் போனாகூட இவ்ளோ கேக்க மாட்டாங்க மச்சி" என்றேன்.

எங்களுக்குத் தெரிந்தவரை அண்ணன் பைக் எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அம்மாவிடம் கேட்டோம். எழுந்து மூட்டைகள் பக்கம் போனார். பிறகு தார்ப்பாயைத் தானே விலக்கினார்.

"எத்துக்கினு போ. ஆனா உள்ள தொறக்காத. அவன் கை வெச்சு மூடுனது. தொறந்தா அந்தச் சத்தம் பூடும்."

நண்பன் சத்தியம் செய்தான். பந்தயத்தில் முதல் மூன்று இடத்தில் வரும் கார்களின் இன்ஜினை அங்கேயே திறந்து அளந்து பார்ப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும்.

"நீ மூணாவதா வர்றதும் நான் பத்தாவது பாஸ் பண்றதும் ஒண்ணு. தைரியமா சத்தியம் பண்ணு" என்றேன்.

சைலன்சர் மாற்றியும் அந்தத் தட்டல் போகவில்லை. அதைக் கேட்கவே அம்மா எங்களோடு வேனில் டிராக்குக்கு வந்தார். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற கார்களின் இரைச்சலில் எதையும் பிரித்துக் கேட்க முடியவில்லை. கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு கார்கள் ஒன்றையொன்று உரசி மண்ணில் இறங்கின. நண்பன் மூன்றாவதாக வந்துவிட்டான்.

நான் விசில் அடித்துக்கொண்டே ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றிய அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பரிசோதனை அதிகாரி ஏற்கெனவே வந்து நின்றார்.

"ஹெட்டக் கழட்டுங்க தம்பி."

"இத்தத் தொறக்க முடியாது சார்."

"தொறக்கலன்னா ரிசல்ட்ல உங்க கார் வராது."

"வராட்டி போவட்டும் சார்."

அவன் காரைத் தள்ளத் தொடங்கினான். அம்மா என்னைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். அவர் நேராகப் போய் காரின் முன்சக்கரத்தில் கை வைத்து நிறுத்தினார்.

"கெலிச்சத உட்டுட்டு வந்தா உங்கண்ணன் உன்ன சும்மா உடுவானா? தொறடா. நானும் பாக்குறேன்."

நண்பன் ஸ்பேனரை போல்ட்டில் மாட்டிவிட்டு மறுபடி எடுத்துவிட்டான். ஸ்பேனரை நான் வாங்கிக்கொண்டேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டன் தலையில் கரி படிந்திருந்தது. அது இந்தப் பந்தயத்தின் கரியா, அவர் ஓட்டிய நாட்களின் கரியா என்று தெரியவில்லை. அதிகாரி சிலிண்டரை அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"கம்பெனி அளவு இல்ல. பெரிய பிஸ்டன் போட்டிருக்கீங்க. சிலிண்டர் ஓட்டைய போரிங் மெஷின்லயும் பெருசாக்கல, லேத்துல கடைஞ்சிருக்கு. பிஸ்டன் ஆடுது பாருங்க. யாரு பண்ணது? கூப்பிட்டுத் திட்டுங்க."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் சிப்காட்டில் இரும்பு கடையும் லேத் ஆபரேட்டர். சிப்காட்டில் சொந்த வேலையை எல்லோரும் சாப்பாட்டு நேரத்தில்தான் கம்பெனி மெஷினில் முடித்துக்கொள்வார்கள். சூப்பர்வைசர் வருவதற்குள் அவசரமாக முடிக்க வேண்டும். வேகத்துக்காக சிலிண்டரைப் பெரிதாக்கினாலும், சாலையில் ஓடும் பைக்கில் அதை யாரும் கேட்கப் போவதில்லை. இங்கே மூன்றாம் இடம் போனது.

"இன்னாடா சொல்றாரு அவரு?" என்றார் அம்மா.

"சோத்து டைம்ல கம்பெனி லேத்துல அண்ணனே கடைஞ்சிருக்காரும்மா. ஓட்டை கொஞ்சம் லூசாப் பூட்ச்சு. அதான் அந்த டக் டக்" என்றான் நண்பன்.

அம்மா அந்தக் கரி படிந்த பிஸ்டனைக் குனிந்து பார்த்தார்.

"டிபன் பாக்ஸ்ல சோறு அப்டியே திரும்பி வரும். இன்னாடான்னா, பசியில்லம்மான்னுவான். இத்தப் பண்ணிக்கினு இருந்தானா?"

பக்கத்துக் கொட்டகையில் பரிசு கொடுத்துக் கைதட்டினார்கள். அம்மா கிளம்பவில்லை. "மூடி ஒரு தபா ஓட்டிக் காட்டுங்க" என்றார். புது கேஸ்கட் வைத்து, ஒவ்வொரு போல்ட்டாக நண்பனே முறுக்கினான். நான் காரைத் தள்ளி ஸ்டார்ட் ஆக்கினேன். இன்ஜின் ஆறிப்போயிருந்ததால் தட்டல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

டக். டக். டக்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாவு மில்லுன்னுவியே, சொல்லேன்டா."

நான் குனிந்து கீழே கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கினேன். அவர் நண்பனின் தோளைத் தொட்டார்.

"போதும், நிறுத்துடா. வூட்டுக்குப் போவலாம்."